கிணறும் புதைமேடும் சாட்சி: வாசகர் கேள்வி பதில்

காட்டு உரிமை, சரணாலயம், வனவிலங்கு பற்றி ஏற்காட்டு மலையூர்களிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம். கீழே '2006 சட்டம்' என்று வருவதெல்லாம் பட்டியல் பழங்குடியினர் மற்றும் பிற மரபுவழி வனவாசிகளின் வன உரிமைகளை அங்கீகரிக்கும் சட்டம். ஊரில் சுருக்கமாக 'வன உரிமைச் சட்டம்' என்பார்கள்.

சேர்வராயன் மலையைச் சரணாலயம் ஆக்கப் போகிறார்கள், ஆக்கிவிட்டால் ஊரையே காலி செய்யச் சொல்வார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?
(வாசகர், நாகலூர்)

ஆக்கப் போகிறார்களா என்பதை அரசிதழில்தான் பார்க்க வேண்டும், டீக்கடையில் அல்ல. ஆனால் 'சரணாலயம் என்றாலே காலி' என்ற பேச்சு தவறு. ஊரோடு சேர்ந்த சரணாலயங்கள் நாட்டில் நிறைய உண்டு.

வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. 1882 ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி அறிவிக்கப்படுவது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எல்லாம் 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அக்கம்பக்கத்தில் பார்த்தால் காவிரி வடக்குச் சரணாலயம் 2014 இல் வந்தது, காவிரி தெற்கு 2022 இல், ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் சரணாலயம் 2024 இல்.

ஒரு நிலத்தைச் சரணாலயம் ஆக்குவதற்கு முன் ஆட்சியர் தமிழில் பிரகடனம் போட வேண்டும், உரிமை கோருபவர்கள் 2 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம், விசாரித்த பிறகு உரிமையைத் தொடர விடவும் செய்யலாம் என்று 1972 சட்டத்திலேயே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 26ஏ பிரிவு, ஏற்கெனவே காப்புக்காடாக இருக்கும் இடத்தை இந்த விசாரணை இல்லாமலே சரணாலயமாக அறிவிக்கலாம் என்கிறது. காரணம், காப்புக்காடு ஆக்கிய காலத்திலேயே உரிமைகள் தீர்க்கப்பட்டுவிட்டன என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த 'தீர்வு' நடந்தது வெள்ளைக்காரன் காலத்தில். குறித்த கெடுவுக்குள் வன நிர்ணய அலுவலரிடம் உரிமையைப் பதியாதவர்களுக்கு உரிமை இல்லாமல் போனது. எழுத்து வாசனை இல்லாத மலையூரில் எத்தனை பேர் போய்ப் பதிந்திருப்பார்கள்?

அன்று விட்டுப்போனதை இன்று பதிய இருக்கும் வாசல் 2006 சட்டம் ஒன்றுதான். காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். அதன் 4(5) பிரிவின்படி, உரிமையைச் சரிபார்த்து முடிக்கும்வரை காட்டில் குடியிருக்கும் பழங்குடியையோ மரபுவழி வனவாசியையோ வெளியேற்றக் கூடாது. சரணாலயம் வருமோ வராதோ, வருவதற்கு முன் உரிமை காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் எங்கள் தாத்தா காலத்திலிருந்து சாமை, ராகி, இப்போது கொஞ்சம் மிளகு, காபி. பட்டா இல்லை. எப்படி மனுப் போடுவது, என்னென்ன வைக்க வேண்டும்?
(வாசகி, வாழவந்தி, இதே கேள்வி மாரமங்கலத்திலிருந்தும்)

முதலில் தேதி. 13.12.2005 அன்று நிலம் உங்கள் குடும்பத்தின் கையில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வெட்டித் திருத்திய நிலத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. சேர்த்து எழுதினால் பழைய நிலத்தின் மேலும் சந்தேகம் விழும். அடுத்து அளவு: உண்மையில் அனுபவத்தில் உள்ள பரப்பு மட்டும், அதிகபட்சம் 4 ஹெக்டேர், அதாவது 10 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

மனு, தனி நிலத்துக்கான ஏ படிவத்தில். கணவன், மனைவி இருவர் பெயரும் எழுதுங்கள். திருமணமானவர்களுக்கு உரிமைச் சான்று இருவர் பெயரிலும் கூட்டாக வர வேண்டும் என்பது சட்டம். சாதிச் சான்றிதழ் நகல் வேண்டும். மனுவை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ ரேஞ்சரிடமோ கொடுக்கக் கூடாது. கிராம சபை தேர்ந்தெடுத்த ஊரின் வன உரிமைக் குழுவிடம் கொடுத்து, தேதி போட்ட எழுத்து ரசீது வாங்க வேண்டும். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 'மனுவே வரவில்லை' என்ற பேச்சுக்கு வேறு மருந்து கிடையாது.

சான்று குறைந்தது இரண்டு வேண்டும். பலர் ஆதார் நகலையும் குடும்ப அட்டையையும் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். குடும்ப அட்டை நீங்கள் அந்த ஊர்க்காரர் என்று சொல்லும். அந்த நிலம் உங்களுடையது என்று சொல்லாது. ஒன்று ஆளுக்கு, ஒன்று நிலத்துக்கு என்று பிரித்து யோசியுங்கள்.

ஆளுக்கு: பழைய வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வீட்டுவரி ரசீது, வம்சாவளி. நிலத்துக்கு: கல் அடுக்கிய வரப்பு, சமன் செய்த படிமேடை, தடுப்பணை, கிணறு, குடிசை, பெரியவர்களைப் புதைத்த மேடு, குலசாமிக் கல். இவை எல்லாம் விதிகளிலேயே சான்றாக ஏற்கப்பட்டவை. படம் எடுக்கும்போது ஒரு ஆளை நிறுத்தி எடுங்கள், கல்லின் அளவு தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று பின்னால் எழுதுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: முன்பு ஆக்கிரமிப்பு என்று வந்த பி-மெமோ, வனக் குற்றத்துக்குக் கட்டிய அபராத ரசீது, கோர்ட்டுத் தாள் இவற்றைக் கிழித்துப் போடாதீர்கள். 2005க்கு முந்தைய தேதி இருந்தால், அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று அரசே எழுதிக் கொடுத்த சாட்சி அது. சேலம் மாவட்டத்துக்கு 1883 இல் லெ ஃபானு தொகுத்த மேனுவல், 1918 இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த கெசட்டியர் இரண்டிலும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பற்றி விரிவாக உண்டு. கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, வனத்துறையின் செயல்திட்டம் ஆகியவையும் சான்றுகளே. ஊர் பழையது என்று காட்ட ஒரு நகல் போதும், எல்லா மனுவுக்கும் பொதுவாக வைக்கலாம்.

பெரியவர் வாக்குமூலம் என்றால் எழுத்தில், கையெழுத்து அல்லது ரேகையோடு. மனுதாரரே பெரியவராகச் சாட்சி சொல்ல முடியாது. சின்ன ஊரில் எல்லோரும் மனுதாரராக இருப்பார்கள். அப்போது பக்கத்து ஊர்ப் பெரியவரையோ, அந்த ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரையோ கேளுங்கள். 'ரொம்ப காலமாக' என்று எழுத வேண்டாம். எந்தப் பஞ்சத்துக்கு முன், எந்த ரோடு போட்ட வருஷம், யாருடைய கல்யாணத்தின்போது என்று எழுதினால் விசாரிப்பவருக்குப் பிடி கிடைக்கும்.

அளவில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மலையில் பேச்சு ஏக்கர், சென்ட்டில், படிவம் ஹெக்டேரில். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஒன்றரை ஏக்கரை '1.5' என்று ஹெக்டேர்க் கட்டத்தில் எழுதிவிட்டால், நேரில் அளக்கும்போது பாதிக்கும் கீழே வரும். மனுதாரர் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். செல்போன் ஜி.பி.எஸ்.ஸில் எல்லை எடுத்தால், ஒவ்வொரு முனையிலும் நின்று, துல்லியம் 5 மீட்டருக்குள் வரும்வரை காத்திருந்து புள்ளியைப் பதியுங்கள். சில்வர் ஓக் அடியில் நடந்துகொண்டே எடுத்தால் கோடு பக்கத்துக் காட்டில் போய் நிற்கும். பாகைக் கணக்கைத் தசமத்தில் எழுதுகிறீர்களா, நிமிடம், விநாடியிலா என்று ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊராட்சியில் பல ஊர்கள். ஜனவரி 26 அன்று நடந்த கிராம சபையில் வன உரிமைக் குழு தேர்வு செய்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இது செல்லுமா?
(வாசகர், செம்மநத்தம்)

கேள்விக்குரியதுதான். ஏற்காடு ஊராட்சிகளில் ஊருக்கு ஊர் பள்ளமும் மேடுமாக நடை தூரம். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு வந்து பாதிப் பேர் கூடுவது நடக்காத காரியம். 2006 சட்டத்தில் 'கிராமம்' என்பதற்குள் பழைய குடியிருப்பு, அளவை செய்யப்படாத ஊர் எல்லாம் வரும். கிராம சபையைக் குக்கிராம அளவில் கூட்டலாம் என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2012 ஜூலையில் வழிகாட்டுதலும் கொடுத்திருக்கிறது. உங்கள் ஊருக்குத் தனி சபை வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுதி, ஊராட்சித் தலைவருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் கொடுங்கள்.

எண்ணிக்கை தவறினால் பின்னால் எல்லாமே கவிழும். சபை செல்லுபடியாக ஊரின் வயதுவந்தோரில் பாதிப்பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். மனுக்களின் மேல் தீர்மானம் போடும் நாளில் மனுதாரர்களில் அல்லது அவர்கள் பிரதிநிதிகளில் பாதிப்பேர் இருக்க வேண்டும். வன உரிமைக் குழுவுக்கு 10 முதல் 15 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வருகைப் பதிவேட்டில் ஒருவர் கையாலேயே பத்துக் கையெழுத்து இருந்தால், மனுவை அடுத்துப் பார்க்கும் ஆர்.டி.ஓ. தலைமையிலான உபகோட்டக் குழுவில் முதலில் கண்ணில் படுவது அதுதான். காபி எஸ்டேட் வேலை நாளில் கூட்டாதீர்கள். சந்தை நாளும் வேண்டாம்.

'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் வந்திருக்கிறது. காரணம் இல்லை. இனி என்ன?
(வாசகர், வெள்ளக்கடை)

காரணம் எழுதாத நிராகரிப்பே விதிக்கு விரோதம். முடிவை உங்களிடம் நேரில் தெரிவிக்க வேண்டும், விரிவான காரணம் வேண்டும், வெறும் நடைமுறைக் குறையைச் சொல்லி மறுக்கக் கூடாது. போதிய ஆதாரம் இல்லை என்று பட்டால், மறுப்பதற்குப் பதில் கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

யார் மறுத்தது என்று பாருங்கள். கிராம சபை என்றால் மேல்மனு ஆர்.டி.ஓ. தலைமையிலான உபகோட்டக் குழுவுக்கு. உபகோட்டக் குழு என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு. கெடு 60 நாள். குழு மனசு வைத்தால் இன்னும் 30 நாள் நீட்டலாம். நாள் எண்ணுவது உங்களுக்குத் தகவல் கிடைத்த தேதியிலிருந்து, ஆகவே தபால் உறையை எறியாதீர்கள். மாவட்டக் குழுவின் முடிவு இறுதி. அதற்கு மேல் உயர் நீதிமன்றம்தான்.

அடிக்கடி சொல்லப்படும் இரண்டு காரணங்களுக்கு இங்கேயே பதில். 'செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை': படம் மற்றச் சான்றுக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. நிழல் மரத்துக்கு அடியில் இருக்கும் காபியும் மிளகும் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். இதை மேல்மனுவில் எழுதுங்கள். 'வனத்துறை கையெழுத்து இல்லை': அளக்கும் நாளைத் துறைக்கு முன்கூட்டியே தெரிவித்த நகல் உங்களிடம் இருந்தால், ஒரு முறை வராததற்கு மறு அளவை, இரண்டாவது முறையும் வராவிட்டால் கள ஆய்வு பற்றிய கிராம சபை முடிவே இறுதி.

தமிழ்நாட்டில் இந்த வேலை மற்ற மாநிலங்களைவிடத் தாமதம். 2008 இல் சென்னை உயர் நீதிமன்றம் உரிமைச் சான்று வழங்கும் முன் தன்னிடம் உத்தரவு பெற வேண்டும் என்றது. 2016 இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை விலகியது. ஆகவே 'எட்டு வருஷமாக ஏன் மனுப் போடவில்லை' என்று யாராவது கேட்டால் தலை குனிய வேண்டியதில்லை.

கடுக்காய், நெல்லி, புளி, ஈச்சமாறு எடுக்கப் போனால் ஃபாரஸ்ட் கார்டு (வனக் காவலர்) நிறுத்துகிறார். தனிப்பட்ட நிலத்துக்கு எங்களில் பலர் மனுப் போட்டுவிட்டோம்; காட்டுக்குள் போய்வர அது போதுமா?
(மகளிர் குழு உறுப்பினர்கள், கொட்டச்சேடு)

போதாது. இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் ஏ படிவத்தோடு நின்றுவிடுவதுதான் மலை முழுக்க நடக்கும் தவறு.

படிவம் மூன்று. ஏ, தனி நிலத்துக்கு. பி, ஊர்ப் பொதுவாக அனுபவிக்கும் உரிமைக்கு: சிறுவனப் பொருள், மேய்ச்சல், நீர், பாதை. சி, ஊரின் மரபெல்லைக்கு உட்பட்ட காட்டையே பாதுகாக்கவும் நிர்வகிக்கவும். சி படிவத்தில்தான் பலம். ஏ படிவம் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் ஏறக்குறைய பத்து ஏக்கர் தரும். சி படிவம் ஊரைச் சுற்றியுள்ள காட்டில் எதை எப்போது எடுப்பது, எங்கே தீ வைக்கக் கூடாது, யாரை உள்ளே விடக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தரும். அதில் பரப்பு உச்சவரம்பும் இல்லை.

சி படிவத்துக்கு ஊர்ப் பட்டியல், வரைபடம், பக்கத்து ஊர்களின் பெயர் மூன்றும் முக்கியம். வரைபடம் வரைய நடந்தே ஆக வேண்டும். ஒரு நாளில் முடிக்க நினைக்காதீர்கள். தேன் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், விறகும் கீரையும் எடுக்கும் பெண்கள், இவர்களோடு தனித்தனியாக நடந்தால் எல்லை வேறு வேறாக வரும்; மூன்றையும் சேர்த்ததுதான் ஊரின் அனுபவக் காடு. ஓடை, பாறை, கோயில் காடு, பழைய சுடுகாடு, நீர்ச்சுனை, கிழங்கு தோண்டும் சரிவு, சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும் நடைபாதை எல்லாவற்றையும் ஊர் வழங்கும் பெயராலேயே குறியுங்கள். காப்புக்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து வனத்துறை போட்ட கம்பார்ட்மெண்ட் எண் தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் மனு நிற்காது.

இடறும் இடம் பக்கத்து ஊர். இரண்டு ஊரும் ஒரே சரிவில் கடுக்காய் பொறுக்கும். ஒரு ஊர் முழுச் சரிவையும் தன் எல்லைக்குள் வரைந்து கொடுத்தால் மற்ற ஊர் ஆட்சேபிக்கும், இரண்டு மனுவும் படுத்துவிடும். வரைவதற்கு முன் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, பொதுச் சரிவைப் 'பங்கிட்டு அனுபவிப்பது' என்று இரண்டு மனுவிலும் ஒரே வாசகமாக எழுதுங்கள். படிவத்திலேயே அதற்கு இடம் உண்டு.

இனி கார்டு நிறுத்தும் விஷயம். சிறுவனப் பொருள் என்பது மரமல்லாத எல்லாம். மூங்கிலும் அதில் அடக்கம். எடுக்க, பயன்படுத்த, விற்க உரிமை உண்டு. உரிமை அங்கீகாரமான பிறகு வெளியே கொண்டுபோகும் பெர்மிட்டைக் கிராம சபை அமைக்கும் நிர்வாகக் குழுவே எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் கட்டணமோ ராயல்டியோ கிடையாது. முன்பு தலைச்சுமை, சைக்கிள், தள்ளுவண்டி என்று மட்டும் இருந்த விதி 2012 இல் 'ஏற்ற வாகனம்' என்று மாறியது, ஆகவே டெம்போவில் ஏற்றலாம். அதற்குரிய ரசீதுப் புத்தகத்தை எண் போட்டு அச்சடியுங்கள்: பொருள், கிலோ, எடுத்தவர், போகும் இடம், தேதி. பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போட்டாலும் வெளி வியாபாரிக்குப் போட்டாலும் அடிக்கட்டை ஊரில் இருக்க வேண்டும்.

அதிகாரம் வந்தால் பொறுப்பும் ஊருடையது. நெல்லிக்கு ஏறிப் பறிக்கச் சோம்பல்பட்டுக் கிளையை வெட்டினால் அடுத்த சில வருஷம் காய் இல்லை. நெல்லியில் புல்லுருவி பிடித்திருந்தால் அறுவடையின்போதே அது பிடித்த இடத்தைச் செதுக்கி எடுங்கள். விட்டால் மரமே போகும். ஈச்சமாறுக்கு வெளிமட்டை மட்டும், குருத்தில் கை வைக்கக் கூடாது. கடுக்காய் தானாக உதிர்ந்த பழுத்த காயாக இருந்தால் விலையும் கூடும், மரமும் பிழைக்கும்.

காட்டில் மண்டும் உண்ணிச்செடியை (லாண்டானா) ஒழிக்க ஒரு வழி. தரைமட்டத்தில் வெட்டினால் அது நூறு தளிர் விட்டு வரும். பூக்கும் முன், ஆணிவேரை மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் கீழே வெட்டி, செடியை வேர் மேலே பார்க்கத் தலைகீழாகப் போடுங்கள். பறவைகள் வந்து உட்காரும் மரங்களுக்கு அடியில் விதை விழுந்து நாற்று வந்துகொண்டே இருக்கும்; இரண்டு மூன்று மழைக்காலம் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டும். கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்கள், தாங்கள் பருவத்தில் வைத்துவந்த சின்னச் சருகுத் தீயைத் தடுத்த பிறகுதான் உண்ணி மண்டியது, புல்லுருவியும் பெருகியது என்கிறார்கள். அந்த மலை 2011 தொடக்கத்தில் புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அந்தச் சோளகர்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். சருகுத் தீ சரி என்று இங்கே நீங்களாக வைத்துவிடாதீர்கள். நிர்வாகத் திட்டத்தில் எழுதி, துறையோடு பேசாமல் வைத்தால் வனக் குற்றம்தான்.

எங்கள் நிலத்து வரப்பில் சந்தனம் தானாக முளைத்திருக்கிறது. உரிமைச் சான்று வந்தால் வெட்டலாமா?
(வாசகர், தலைச்சோலை)

கூடாது. சந்தனம் சிறுவனப் பொருள் இல்லை. பட்டா நிலத்தில் இருக்கும் சந்தனத்துக்கே வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும்.

காட்டெருமை வந்து தோட்டத்தை மிதிக்கிறது. பொங்கல் வேட்டை எங்கள் வழக்கம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மரபுரிமை என்ற பெயரில் இது வருமா?
(மாணவர், மஞ்சக்குட்டை)

வராது. மரபுரிமைகளை அங்கீகரிக்கும் பிரிவே வேட்டையை வெளிப்படையாக விலக்கி எழுதியிருக்கிறது. காட்டெருமை 1972 சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு; கொன்றால் 3 முதல் 7 வருஷம் சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். கம்பிச் சுருக்கு வைத்தாலும் அதே கதைதான், எதற்கு வைத்தோம் என்பது கணக்கில் வராது.

சேதத்துக்கு நிவாரணம் கேட்பதானால், மிதிபட்ட செடியைச் சுத்தம் செய்யும் முன் குளம்படியோடு படம் எடுங்கள், வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் அன்றே எழுதிக் கொடுங்கள்.

ஒரு சந்தேகத்தை மறைக்காமல் கேட்கிறேன். ஏற்காட்டில் எங்கே பார்த்தாலும் ரிசார்ட். காட்டு நிலத்தை மக்களுக்கு எழுதிக் கொடுத்தால் அதுவும் விலைபோய்விடாதா? மனிதன் இல்லாத காடுதானே பாதுகாப்பான காடு?
(வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

விலைபோகாது. 2006 சட்டத்தின் 4(4) பிரிவின்படி இந்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றவோ முடியாது. நீங்கள் பார்க்கும் ரிசார்ட்டுகளைப் பழங்குடியின் வன உரிமைச் சான்றோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையின் முகத்தை மாற்றியது யார் என்று பார்த்தால், 1820களில் ஆட்சியர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு எழுந்த எஸ்டேட்டுகளும், மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டிய பாக்சைட் சுரங்கங்களும் கண்ணில் படும். சாமை விதைத்தவன் பெயர் அந்தப் பட்டியலின் அடியில்தான் வரும்.

அதற்காக மலையூர்க்காரர் எல்லோரும் காட்டின் காவல் தெய்வம் என்று நாங்கள் சொல்லவில்லை. புதிதாக வெட்டித் திருத்துவதும் நடக்கிறது, ஆடு பெருகிக் கன்று எழும்பாத சரிவுகளும் உண்டு. 2005 தேதியும், காட்டையும் ஓடையையும் விலங்கையும் காக்கும் கடமையைச் சொல்லும் 5 ஆம் பிரிவும் அதற்குத்தான்.

மனிதன் இல்லாத காடு என்ற எண்ணம் இங்கே பிறந்ததல்ல. 1872 இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா ஆனது. அங்கே வேட்டையாடி வாழ்ந்த பூர்வகுடிகள் வெளியே போனார்கள். அந்த அச்சிலேயே உலகெங்கும் பூங்காக்கள் வார்க்கப்பட்டன. பிறகு எண்ணம் மெல்ல மாறியது. ஆஸ்திரேலியாவில் 1985 இல் உலுரு பாறையைப் பூர்வகுடிகளிடம் திருப்பிக் கொடுத்து, அவர்களிடமிருந்தே 99 வருஷக் குத்தகைக்குப் பூங்காவை எடுத்துச் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். 2003 இல் டர்பனில் நடந்த உலகப் பூங்கா மாநாடு பூர்வகுடி உரிமையைப் பாதுகாப்போடு சேர்த்துப் பேசியது. 2010 இல், போகோரியா ஏரிப் பகுதியிலிருந்து விலங்குக் காப்பகத்துக்காக எண்டோராய் மக்களை வெளியேற்றியது தவறு என்று கென்யாவுக்கு எதிராக ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் சொன்னது. நியூசிலாந்து 2014 இல் தே உரெவேரா என்ற தேசியப் பூங்காவின் பூங்கா அந்தஸ்தையே எடுத்து, தூஹோய் மக்களோடு கூட்டு நிர்வாகத்துக்கு மாற்றியது.

நம் சட்டமும் ஆளில்லாத இடம் தேவைப்படலாம் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதற்குப் படிகள் உண்டு: முதலில் அந்தப் பகுதியில் உரிமை அங்கீகாரம் முடிந்திருக்க வேண்டும், மக்கள் இருப்பதால் விலங்குக்கு மீளாத சேதம் என்று நிறுவ வேண்டும், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்று முடிவாக வேண்டும், கிராம சபை எழுத்தில் சம்மதிக்க வேண்டும், போகும் இடத்தில் வீடும் நிலமும் தயாராக இருக்க வேண்டும். புலிகள் காப்பகத்தில் குடும்பத்துக்கு 15 லட்ச ரூபாய் திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் தொகை இந்தப் படிகளுக்குப் பதிலாகாது.

என் தங்கையை ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் கொடுத்திருக்கிறோம். அவர்களும் மலையாளிதான், ஆனால் அங்கே எஸ்.டி. சான்று தருவதில்லை. இப்போது சரணாலயமும் வந்துவிட்டது. பட்டி மாடுகளை என்ன செய்வது என்று தவிக்கிறார்கள்.
(வாசகர், கருமந்துறை)

பட்டியல் மாவட்ட வாரியாக இருப்பதால் வந்த வினை. சேலம், தருமபுரி மாவட்டங்களில் மலையாளி பழங்குடி. ஈரோட்டில் பட்டியலில் இல்லை. அவர்கள் 'பிற மரபுவழி வனவாசி' என்ற வகையில் மனுப் போடலாம். அதற்கு 2005 டிசம்பருக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்து காட்டை நம்பிப் பிழைத்ததாகக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930 டிசம்பர். குடும்பம் ஒவ்வொன்றும் அவ்வளவு பழைய தாள் வைத்திருக்காது. ஊர் 1930க்கு முந்தையது என்று கெசட்டியர், பழைய மக்கள்தொகைக் கணக்கால் நிறுவி, அதோடு வம்சாவளியை இணைப்பதே நடைமுறை.

பட்டி விஷயத்தில் ஒரு முடிச்சு உண்டு. மேய்ச்சலும் பருவத்துக்குப் போய்வரும் அனுபவமும் 2006 சட்டத்தில் சமூக உரிமை. ஆனால் 2022 இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. பர்கூர் இப்போது சரணாலயம் என்பதால் தடைக்குள் விழுகிறது. பி படிவத்தில் மேய்ச்சல் பாதை, பட்டி போடும் இடம், தண்ணீர் காட்டும் ஓடை, மாதம், ஏறக்குறைய மாட்டுக் கணக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிந்தால்தான் வாதாட ஒரு கால் கிடைக்கும். பர்கூர் மாடு அந்தக் காட்டில் மேய்ந்தே உருவான இனம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு ரோடு இல்லை. நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறோம். 'வனத்துறை அனுமதி இல்லை' என்றே காலம் போகிறது.
(ஊர்ப் பொதுமக்கள் சார்பில் ஒரு கடிதம், ஏற்காடு ஒன்றியம்)

2006 சட்டத்தின் 3(2) பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. ரோடு, பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் என 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தை மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே ஒதுக்கலாம். டெல்லி போக வேண்டியதில்லை. மூன்று நிபந்தனை: ஒவ்வொரு வேலைக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவு, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 4 மீட்டர் அகல ரோடு என்றால் 1 ஹெக்டேரில் இரண்டரைக் கிலோமீட்டர் போகும். பழைய நடைபாதையையே ஒட்டிப் போட்டால் மரமும் அதிகம் விழாது. ஒன்றியப் பொறியாளர் 6 மீட்டர் என்று மதிப்பீடு போட்டு வரம்பைத் தாண்டினால் கோப்பு வேறு சட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மதிப்பீடு போடும் நாளில் ஊரிலிருந்து நாலு பேர் கூடவே நடங்கள்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு ஒரு மாதிரி வாசகம் தருவீர்களா?
(மூன்று ஊர்களிலிருந்து)

சி படிவத்துக்கான வாசகம் கீழே. கோடிட்ட இடத்தை நிரப்பி, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கி, இரண்டு நகல் ஊரிலேயே வையுங்கள்.

"____ ஊர் கிராம சபை ____ தேதியில் ____ இடத்தில் கூடியது. ஊரின் வயதுவந்தோர் மொத்தம் ____. வந்தவர்கள் ____, அவர்களில் பெண்கள் ____. இணைத்துள்ள வரைபடத்தில் காட்டிய ____ ஓடை முதல் ____ பாறை வரையிலான காடு எங்கள் ஊர் மரபாகக் காத்தும் அனுபவித்தும் வரும் சமூக வன வளம் என்று சபை தீர்மானிக்கிறது. ____ சரிவை ____ ஊரோடு பங்கிட்டு அனுபவிக்கிறோம். அந்த ஊரின் ஒப்புதல் இணைப்பு ____. ____ தேதியில் வன உரிமைக் குழு, வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் முன்தகவல் கொடுத்துக் கள ஆய்வு செய்தது. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 3(1) பிரிவின் கீழ் இக்காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமையை அங்கீகரிக்க உபகோட்டக் குழுவுக்குப் பரிந்துரைக்கிறோம். சான்றுகள்: 1. ____ 2. ____."